எந்த ஆடு எந்த வாசலுக்கு

2025 இல் தீபாவளி அக்டோபர் 20. அதற்கு மூன்று வாரம் முன்பு, புரட்டாசி இன்னும் முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எங்கள் கொட்டகையில் நின்ற ஒரே செவலைக் கிடாவை நான்கு பேர் கேட்டார்கள். வீட்டில் சைவம், கைப்பேசியில் மட்டும் நாள் முழுக்க ஆட்டுப் பேச்சு.

பக்கத்துக் கெடா மாநிலத்துக் கூலிமிலிருந்து வழக்கமாக வரும் வியாபாரி 850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்றார். பக்கத்துத் தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) ஆறு குடும்பம் சேர்ந்து கூறு போட்டுக்கொள்ள 950 வரை தருவதாகச் சொன்னார்கள். பேரனுக்கு அக்கிகா (குழந்தை பிறந்ததற்காக முஸ்லிம்கள் ஆடு அறுத்துக் கொடுப்பது) கொடுக்கவிருந்த ஒரு பாக் சிக், அதாவது மலாய்ப் பெரியவர், 1,100 தருவார், ஆனால் ஆட்டை நாங்களே அவர் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். நான்காவது ஆள் கோவிலுக்கு நேர்ந்துகொண்டவர். அவர் விலையே கேட்கவில்லை. கறுப்பாக இருக்கிறதா, உடம்பில் குறை இல்லையே என்று மட்டும் கேட்டார்.

அதிக விலை சொன்னவருக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆடு விற்பதில் விலை மட்டும் வந்து நிற்பதில்லை. நாள், தீனி, லோரி, பெர்மிட், கொட்டகையில் மிச்சம் நிற்கும் மற்ற ஆடுகள் எல்லாம் அதோடு சேர்ந்து வந்துவிடும். ஆகவே எங்கள் வாசலுக்கு வரும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தின் ஓரம். மாமா, அதாவது கணவரின் அப்பா, ரப்பர் மரம் சீவிய காலத்திலிருந்து ஆடு வைத்திருப்பவர். நான் பத்து கவான் என்ற ஊரில் தொழிற்சாலைக்குப் போய் வருகிறேன், ஷிஃப்ட் வேலை. கொட்டகையில் பெரிதும் சிறிதுமாக 23 உருப்படி. இதைவிடப் பெரிய பண்ணைக்காரர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. கீழே வரும் வெள்ளிக் கணக்கெல்லாம் எங்கள் வாசலில் நடந்தவை. படிக்கிறவர்கள் தங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் எட்டயபுரம் போல ஆட்டுச் சந்தைகள் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின சந்தையில் ஆயிரக்கணக்கில் ஆடு நிற்கும், பத்து பேரிடம் கேட்டால் அன்றைய விலை தெரிந்துவிடும். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் என்று மாமாவின் அப்பா சொல்வாராம். எங்கள் பக்கம் அப்படி ஒரு வாரச் சந்தை கிடையாது. விலை என்பது கைப்பேசியில் வரும் ஒரு குரல்தான். அந்தக் குரல் சொல்வது சரியா, குறைவா என்று ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் வேறு எதுவும் இல்லை. மற்ற குழப்பமெல்லாம் இதிலிருந்து வருகிறது.

முகநூலில் போட்டால் என்ன என்று என் மகன் கேட்டான். அதன் சந்தைப் பகுதியில் உயிருள்ள பிராணிகளை விற்க அனுமதி இல்லை; போட்ட படம் காணாமல் போய்விடும். வாட்சாப் ஸ்டேட்டஸில் படம் வைப்பது நடக்கும். ஆனால் அதைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் நம் சொந்தக்காரர்கள். அவர்களிடம் விலை பேசுவதைவிட ஆட்டைச் சும்மா கொடுத்துவிடலாம்.

சரி, வியாபாரியிடமிருந்து தொடங்குகிறேன்.

வியாபாரி என்றாலே ஏமாற்றுகிறவர் என்ற பேச்சு எல்லாரிடமும் இருக்கிறது. கூலிம்காரர் எங்களிடம் முதல் வருஷம் ஐந்து ஆடுகளை எடுத்தார். தராசு எதுவும் இல்லை, கண் மதிப்புதான். முதுகெலும்பின் மேல் கையை வைத்து அமுக்கினார், தொடையைப் பிடித்துப் பார்த்தார், "மொத்தமா 3,600, அக்கா" என்றார். எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்போது எனக்கு அது பெரிய பணமாகத் தெரிந்தது. அடுத்த மாதம் ஒரு தொங்கு தராசு வாங்கி, கோணிச் சாக்கைத் தொட்டில் மாதிரி கட்டி, மிச்சம் இருந்தவற்றை நிறுத்துப் பார்த்தேன். என் கண் ஒரு ஆட்டுக்கு ஐந்து கிலோ வரை தவறிக்கொண்டிருந்தது. கிலோ 28 வெள்ளி என்றால் ஒரு ஆட்டில் 140 வெள்ளி. தினமும் ஆடு பார்க்கிற அவருடைய கண் அப்படித் தவறாது.

தராசு இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு, தையற்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து பின்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு வரை இன்னொரு அளவு. இரண்டையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். செவலைக்குச் சுற்றளவு 74, நீளம் 68. கணக்கில் 34 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தராசு 35 காட்டியது. விலை பேச இந்த நெருக்கம் போதும். சினை ஆட்டுக்கும், அப்போதுதான் வயிறு முட்டத் தின்றதற்கும் இந்தக் கணக்கை நம்பவேண்டாம்.

வயிறு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆட்டின் எடையில் தீனியும் தண்ணீரும் கணிசம். இரவு முழுக்கப் பட்டினி போட்டுக் காலையில் நிறுத்தால் இருபதில் ஒரு பங்கு குறைந்திருக்கும். 35 கிலோ ஆட்டில் ஒன்றே முக்கால் கிலோ, ஏறக்குறைய 50 வெள்ளி. அதனால்தான் வாங்குகிறவர் விடியற்காலையில் வருகிறேன் என்பார், விற்கிறவர் மத்தியானம் வாருங்கள் என்பார். உப்பு நக்க வைத்து வாளித் தண்ணீரைக் காட்டும் தந்திரம் வியாபாரிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், அதைச் செய்யாதீர்கள். எந்த நேரம் நிறுப்பது என்று முன்கூட்டியே பேசிவிட்டால் போதும்.

தராசு வந்த பிறகு எல்லா ஆட்டையும் கிலோ கணக்கில்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றேன். மாமா சிரித்தார். "நெட்டை ஆட்டைக் கண்ணால வித்துடு, குட்டை ஆட்டைத் தராசுல விடு" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. ஜமுனாபாரி கலந்த ஆடு உயரமாக, தொங்கு காதோடு, ராஜா மாதிரி நிற்கும். உத்தரப் பிரதேசத்துப் பக்கத்திலிருந்து வந்த இனம் அது. பார்க்கிறவர் 40 கிலோ என்று நினைப்பார், தராசில் 34 தான் இருக்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த போயர் கலப்பு குட்டையாக, கட்டையாக இருக்கும். கண்ணுக்கு 30 தெரியும், தராசு 36 சொல்லும். நம் ஊர்க் கச்சாங் ஆடு இரண்டிலும் சேராது. சின்ன உடம்பு, எப்படி விற்றாலும் பெரிய பணம் வராது, ஆனால் கறி ருசி தெரிந்தவர்கள் அதைத்தான் தேடி வருவார்கள். ஆக, கண் மதிப்பா தராசா என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஆட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

இதைக் கற்றுக்கொண்டு நான் பெருமையாக நின்றபோது கூலிம்காரர் ஒன்று கேட்டார். அவர் கேட்டதைத்தான் நான் இன்று வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். "நல்லதை மட்டும் எடை போட்டுக் கொடுக்குறீங்க, சரி. நோஞ்சானை யாருக்கா எடை போட்டு வாங்குவாங்க?"

யோசித்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. முதல் வருஷம் அவர் எடுத்த ஐந்தில் ஒன்று கால் தாங்கித் தாங்கி நடந்தது, இன்னொன்று குடல்புழுவால் முதுகு தெரிய நின்றது. மொத்த விலை பேசியபோது அந்த இரண்டையும் அவர் தலையில்தான் கட்டினோம். நல்ல கிடாக்களை அக்கிகாக்காரருக்கும் கோவில்காரருக்கும் தனித்தனியாக விற்றுவிட்டு, மிச்சத்துக்கு அவரைக் கூப்பிட்டால் அவர் ஏன் அதே விலை தரவேண்டும்? நாம் தனியாக விற்று ஒரு ஆட்டில் கூடுதலாகப் பார்க்கும் 150 வெள்ளியில் ஒரு பகுதி, மிச்ச ஆடுகளின் விலையில் சத்தமில்லாமல் கழிந்துபோகிறது. இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

பெர்மிட் வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. மாநிலம் விட்டு மாநிலம் ஆடு போக வேண்டுமென்றால் கால்நடைத் துறையின் அனுமதி வேண்டும். எங்களைப் போல் செபராங் பிறையின் (பினாங்கின் பெருநிலப் பகுதி) தென்கோடியில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. கொஞ்ச தூரம் போனால் பாரிட் புந்தார், அது பேராக். இன்னொரு பக்கம் பண்டார் பாரு, அது கெடா. சைக்கிளில் போகிற தூரத்தில் இருப்பவருக்கு ஆடு விற்றாலும் அது வெளிமாநில விற்பனை. கால் வாய் நோய் எங்காவது தலைகாட்டினால் ஆடு மாடு நகர்வதையே நிறுத்திவிடுவார்கள். வியாபாரிக்கு இது அன்றாட வேலை. எனக்கு அது ஒரு நாள் லீவு. ஒரு ஆட்டுக்காக ஒரு நாள் லீவு போட்டால், அந்த ஆட்டின் கூடுதல் விலை அன்றே போய்விடும்.

அடுத்தது கூறு. ஆறு குடும்பம், எட்டுக் குடும்பம் சேர்ந்து ஒரு கிடாவை வாங்கி, தீபாவளிக்கு முதல் நாள் அறுத்துப் பங்கு போடுவது தோட்டத்து வழக்கம். லயன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போய்த் தாமான் வந்த பிறகும் அது முழுக்கப் போய்விடவில்லை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைய வைத்து வரும் செம்மறிக் கறி. நம் வெள்ளாட்டுக் கறியின் வாசம் அதில் வராது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கும்வரை கூறு இருக்கும்.

இதில் விற்கிறவருக்கு ஒரு ஆசை வரும். ஆட்டை உயிரோடு கொடுக்காமல் நாமே அறுத்துக் கறியாகக் கொடுத்தால் கிலோ 65 க்குப் போகுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 கிலோ கிடாவில் தோல், குடல், தலை, கால் போக நிற்கும் உடல் பாதிக்கும் குறைவு. நூற்றுக்கு 45 என்று வைத்தால் 15.75 கிலோ. 65 வெள்ளியால் பெருக்கினால் 1,024. தலை, கால், குடல் எல்லாம் சேர்த்து 60 வெள்ளி. அறுத்துக் கொடுப்பவருக்கு 80. கையில் நிற்பது 1,004. அதே ஆட்டை உயிரோடு, கிலோ 28 க்குத் தராசில் போட்டுக் கொடுத்தால் 980. 24 வெள்ளிக்காக ஒரு முழு ராத்திரி, ரத்தம் கழுவுவது, அறுப்பதற்கான அனுமதி, "எனக்கு நெஞ்செலும்பு வரலையே" என்ற முனகல், அப்புறம் சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று போன இரண்டு பேர். வேண்டவே வேண்டாம். கூறு போடுகிறவர்களுக்கு ஆட்டை உயிரோடு கொடுத்துவிட்டு, பங்குச் சண்டையை அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது. பணத்தை ஆறு பேரிடமும் வாங்காமல் ஒருவரிடம் மட்டும் வாங்குங்கள்.

காயடித்த கிடாவுக்கு இங்கே மதிப்பு அதிகம், கொச்சை வாடை இருக்காது. கோவிலுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

இனி மலாய்க்காரர்களுக்கு விற்பது. ஹாஜ் பெருநாள் கொர்பான், அதாவது அந்தப் பெருநாளில் ஆடு மாடு அறுத்துக் கொடுப்பது, என்றால் ஆட்டுக்காரனுக்கு அறுவடைக் காலம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம். ஆடு ஒன்று ஒருவருக்கு மட்டுமே. ஆகவே சூராவில் (சிறு தொழுகைக்கூடத்தில்) பெயர் கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் மாட்டுப் பங்குக்குத்தான் போகிறார்கள், கைக்கு அடக்கமான செலவு. வெளிநாட்டில் மலிவாகச் செய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் முகவர்களும் இருக்கிறார்கள். மிச்சம் ஆடு கேட்டு வருகிறவர்கள் குறைவு, ஆனால் நல்ல விலை தருவார்கள்.

அவர்கள் கேட்கும் ஆடு எல்லாக் கொட்டகையிலும் இருக்காது. இந்நாட்டு வழக்கத்தில் வெள்ளாட்டுக்கு இரண்டு வயது நிறைந்து மூன்றாவது நடக்கவேண்டும். செம்மறிக்கு ஒரு வயது போதும். நொண்டி, குருடு, நோய், எலும்பு தெரியும் மெலிவு எதுவும் இருக்கக்கூடாது. அக்கிகாவுக்கும் இதே கணக்குத்தான். எங்கள் வாசலுக்கு வந்த பாக் சிக் என்னிடம் பிறந்த தேதி கேட்கவே இல்லை. ஆட்டின் கீழுதட்டை இழுத்துப் பல்லைப் பார்த்தார். ஒரு வயது தாண்டியதும் நடுவில் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் வரும், இரண்டு வயதை ஒட்டி நான்காகும். நான்கு பல் இல்லையென்றால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இரண்டு வயது வரை ஒரு கிடாவை வைத்திருப்பது சாதாரண விஷயமல்ல. எங்கள் கிடா ஒன்று ஒரு நாளைக்கு 80 கிராம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 நாளில் நான்கு கிலோ. 28 வெள்ளியால் 112. அந்த ஐம்பது நாளுக்குப் புல் போகச் செம்பனைப் புண்ணாக்கும் பெல்லட்டும் நாளுக்கு ஒன்றரை வெள்ளி, மொத்தம் 75. மிச்சம் 37 வெள்ளி. வயது ஏற ஏற எடை ஏறுவது மெதுவாகும், தீனி குறையாது. நடுவில் தெருநாய் ஒரு ராத்திரி உள்ளே புகுந்தால், அல்லது பெருநாளுக்கு முன்னால் வரும் திருடன் கொட்டகையைக் கண்டுபிடித்தால், அந்த 37 எங்கே? ஆகவே "இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தால் நல்ல விலை வரும்" என்பது கிலோ கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் பொய். அந்தப் பெருநாளுக்கென்று தனி விலை தருபவர் கையில் இருந்தால் மட்டுமே வைத்திருக்கலாம். பெருநாளும் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2024 இல் ஜூன் 17, 2025 இல் ஜூன் 7. இந்த வருஷம் சரியாக வயது நிறைந்த குட்டிக்குத் தம்பியாக, அதே மாதத்தில் அடுத்த வருஷம் பிறந்தது, தன் முறை வரும்போது சில நாள் குறைந்து நிற்கும்.

2024 இல் நான் பட்டதைச் சொல்கிறேன். ஏப்ரலிலேயே ஒருவர் 200 வெள்ளி முன்பணம் கொடுத்து ஒரு நான்கு பல் கிடாவைப் பிடித்து வைத்தார், பேசிய விலை 1,250. அன்றைய எடைக்கு வியாபாரியிடம் கொடுத்திருந்தால் 950 வந்திருக்கும். 300 வெள்ளி லாபம் என்று நான் சந்தோஷமாக இருந்தேன். எங்கள் கொட்டகை எல்லாரையும்போல் தரையிலிருந்து உயர்த்திப் பலகை போட்டது, புழுக்கை கீழே விழ இடைவெளி விட்டது. பெருநாளுக்கு நான்கு நாள் முன்னால் ஒரு பலகை இற்றுப்போய், கிடாவின் பின்னங்கால் உள்ளே மாட்டி முறிந்தது. நொண்டி ஆடு கொர்பானுக்கு ஆகாது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவர் அந்த நேரத்தில் எங்கே போய் ஆடு தேடுவார்? கூலிம்காரரைக் கூப்பிட்டேன். மறுநாள் காலை அதே வயதில் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். விலை 1,350, பெருநாள் விலை. கால் முறிந்ததை 600 க்கு எடுத்துக்கொண்டார். 1,250 வாங்கி, 1,350 கொடுத்து, 600 வந்தது. என் கையில் நின்றது 500. அவர் ஒரு கிண்டலும் பண்ணவில்லை. பலகையை மாத்துங்கக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு லோரியில் ஏறினார்.

அதற்குப் பிறகு கொர்பானுக்கு ஒன்றுக்கு மேல் முன்பணம் வாங்குவதில்லை, அந்த ஒன்றுக்கும் பக்கத்தில் மாற்றுக்கு ஒன்று நிற்கவேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அக்கிகாதான் ஏற்றது என்பது என் முடிவு. குழந்தை பிறப்பதற்கு மாதம் கிடையாது, வருஷம் முழுக்கக் கேட்பார்கள். ஆண் குழந்தைக்கு இரண்டு, பெண் குழந்தைக்கு ஒன்று. ஒரு வாரம் இரண்டு வாரம் நாள் தள்ளி வைத்தாலும் ஒத்துக்கொள்வார்கள். விலை கொர்பானைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் தூக்கம் கெடாது. ஒரு வீட்டில் கொடுத்தால் அவர்கள் அண்ணன் தம்பி வீட்டிலிருந்து "காக், கம்பிங் அடா லாகி?" (அக்கா, ஆடு இன்னும் இருக்கிறதா?) என்று அடுத்த வருஷம் கேட்டு வருவார்கள்.

கோவில் கிடாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முனீஸ்வரருக்கோ மதுரை வீரனுக்கோ நேர்ந்துகொண்டவர் விலை பேசமாட்டார், பேசுவது நேர்த்திக்குக் குறை என்று நினைப்பார். எல்லா வழிகளிலும் இதில்தான் பணம் அதிகம். ஆனால் அவர் கேட்கும் நிறம், கேட்கும் நாள், குறையில்லாத உடம்பு மூன்றும் சேர்ந்து உங்கள் கொட்டகையில் நிற்பது வருஷத்துக்கு ஒரு முறை நடந்தால் பெரிது. பலி வேண்டாம் என்று நிறுத்திவிட்ட கோவில்களும் இருக்கின்றன. இதை நம்பிக் கறுப்புக் கிடா வளர்க்காதீர்கள். இருந்தால் கொடுங்கள்.

கறிக்கடைக்காரருக்கு வாரா வாரம் ஒரே அளவில் ஆடு வேண்டும். 23 உருப்படி வைத்துக்கொண்டு அவருக்கு வாக்குக் கொடுத்தால் மூன்றாவது மாதம் பெட்டை ஆட்டை அனுப்பவேண்டி வரும். மாமாக் உணவகங்கள், அதாவது இந்திய முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைகள், உறைந்த கறியைத்தான் வாங்கும். அதனால் இந்தப் பக்கம் நான் போவதில்லை.

பெட்டை ஆடு என்றதும் அவசர விற்பனையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உண்மையில் பாதி விற்பனை அதுதான். ஆஸ்பத்திரி, பள்ளித் திறப்பு, கார் ரிப்பேர். ஆடு என்பது நமக்குக் கொட்டகையில் நிற்கும் சேமிப்புக் கணக்கு, எடுக்கத்தான் வைத்திருக்கிறோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதை எடுக்கிறோம் என்பதில்தான் தப்பு நடக்கிறது. கையில் பணம் வேண்டும் என்ற பதற்றத்தில் பெரிதாகத் தெரிவதைப் பிடித்துக் கொடுத்துவிடுவோம். மாமா ஒரு வருஷம் பள்ளித் திறப்பு சமயத்தில் வயிறு பெருத்த ஒரு பெட்டையை அப்படிக் கொடுத்துவிட்டார். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். அது நான்கு மாதச் சினை. வாங்கினவர் வீட்டில் அடுத்த மாதம் இரட்டைக் குட்டி. ஒரு ஆட்டு விலைக்கு மூன்று ஆடு போனது. இன்று வரை அந்தப் பக்கம் போனால் மாமா அந்த வீட்டு வேலியை எட்டிப் பார்ப்பார்.

இப்போது நாங்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம், அவசரம் வந்தால் எந்த வரிசையில் எடுப்பது என்று. முதலில் இரண்டு முறை கிடா சேர்த்தும் சினை நிற்காத கிழப் பெட்டை. அப்புறம் ஒரு வயதுக்குக் கீழே இருக்கும் காயடித்த குட்டிகள், எடை ஏற மறுப்பவை. நான்கு பல் கிடாவைத் தொடுவதில்லை. சினையைத் தொடுவதே இல்லை. இளம் பெட்டைக்குட்டியை வளர்ப்புக்கென்று கேட்டு வருவார்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், புதிதாகக் கொட்டகை போட்டவர்கள். கறி விலையைவிட நன்றாகவே தருவார்கள். இரட்டைக் குட்டி போடும் தாயின் பெட்டையென்றால் கொடுக்காதீர்கள், எவ்வளவு கேட்டாலும்.

மாதக் கணக்கும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. தைப்பூச விரத நாட்களில் நம்மவர்கள் யாரும் ஆடு கேட்டு வருவதில்லை. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை புரட்டாசி, அப்போதும் அப்படித்தான். ஆனால் வாயில் வைக்கமாட்டார்களே தவிர, தீபாவளிக்கு ஆடு சொல்லி வைப்பது அந்த மாதத்தில்தான். 2020 மார்ச் 18 இல் ஊரடங்கு வந்தபோது எந்த நாட்காட்டியும் உதவவில்லை; யாராலும் வரமுடியவில்லை, எதையும் அனுப்ப முடியவில்லை, ஆடுகள் தின்றுகொண்டிருந்தன. அப்போது கொட்டகையில் விற்பனைக்கு முற்றிய கிடா அதிகம் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் பட்டார்கள். அதற்குப் பிறகு முற்றிய கிடா நான்குக்கு மேல் நிற்கவிடுவதில்லை, வந்த விலைக்கு ஐந்தாவதைத் தள்ளிவிடுகிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் செவலை என்ன ஆனது என்று சொல்லவில்லையே. முதலில் பாக் சிக் வந்து பார்த்தார். ஆட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உதட்டை இழுத்ததும் வாடியது. இரண்டு பல்தான். 1,100 அங்கேயே போய்விட்டது. உள்ளே நின்ற நான்கு பல் வெள்ளைக் கிடா ஒன்றை அவரிடம் காட்டினேன், எடுத்துக்கொண்டார். இன்னொன்றை வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். செவலை காயடித்தது, போயர் கலப்பு, குட்டைக் கட்டை உடம்பு. மாமா சொன்னபடி தராசில் விட வேண்டிய ஆடு. தாமான்காரர்களிடம் 950 எல்லாம் வேண்டாம், நிறுத்துத் தருகிறேன், ஞாயிறு மத்தியானம் வாருங்கள் என்றேன். 35 கிலோ, 980 வெள்ளி, ஒரே ஆள் கையால் வாங்கிக்கொண்டேன். கறுப்பு கேட்டவருக்கு எங்களிடம் கறுப்பு இல்லை. கூலிம்காரர் நம்பரைக் கொடுத்து அவரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கூலிம்காரர் வந்தார். ஒதுக்கி வைத்திருந்த மூன்று நோஞ்சான்களைக் காட்டினேன். முதுகில் கையை வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "அந்தக் கறுப்பு ஆட்டுக்காரர் என்கிட்ட ரெண்டு எடுத்தாருக்கா, நீங்க அனுப்பினதா சொன்னாரு. கமிஷன் எதுவும் வேணுமா?" என்று கேட்டார்.

கமிஷன் வேண்டாம், இந்த மூன்றையும் எடை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கொக்கியில் தொங்கிய கோணிச் சாக்கைப் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் நோஞ்சானைத் தூக்கினார்.